மிச்சம், செவ்வாய் மாலை

இங்கிலீஷில் எழுதினால் அது வெறும் ஊர்ப்பெயர்.
தமிழில் எழுதினால் மிச்சம்.
தெற்கு லண்டனில், ட்ராம் தண்டவாளம் ஓரமாக,
செலவெல்லாம் போக நின்றதைப் போல.

செவ்வாய்தோறும் ஐந்தரைக்கு
தேவாலய மண்டபத்தின் சாவி என் கையில்.
மடக்கு மேசை மூன்று. ஒன்றுக்குக் கால் ஆடும்;
பழைய தோத்திரத் தாளொன்றை மடித்து
அடியில் செருகிவிடுவேன்.

நான் வக்கீல் இல்லை.
எனக்குத் தெரிந்த வழக்கு பேச்சு வழக்கு ஒன்றுதான்.
யாரை யாருக்கு எதிரில் உட்காரவைப்பது,
அதுதான் என் வேலை.

ஓவன் பிரிட்சர்ட்: கடலில் மூழ்கிய கப்பல்களுக்குக்
காப்புறுதிப் பணம் வாங்கித் தருபவர்.
போன பிப்ரவரி வரை
ஒரு வாடகை ஒப்பந்தத்தைத் தொட்டதில்லை.
இஃபியோமா: வேலை நீக்கம், சம்பளப் பிடித்தம்.
ஜூடித்: ஓய்வு பெற்றவர்.
காதுக் கருவியை அணைத்துவிட்டுத்தான்
கோப்பைப் படிப்பார், பிறகு போட்டுக்கொண்டு கேட்பார்:
"இதில் எழுதாதது என்ன?"

ஆளுக்கு இருபது நிமிடம்.
ஒரு மணி நேரத்தில் ஒன்பது பேர்.
வந்தது பதினொன்று.
மூன்றாம் வகுப்புக் கழித்தல்: மிச்சம் இரண்டு.

அபேனாவின் சம்பளச் சீட்டில்
சீருடைக்கு வெட்டிய பணம், வாரா வாரம்,
தராத சீருடைக்கு.
குகனேசனிடம் ஒரு லிடில் பை,
உள்ளே பிரிக்காத கடிதங்கள்.
பிரிக்காதவரை அது வந்து சேரவில்லை என்பது
அவருடைய சட்டம்.
கப்பல்காரர் ஒவ்வொன்றாகக் கிழித்தார், பேனா மூடியால்.

ஒரு கடிதத்தின் தலையில்
'வித்தவுட் ப்ரெஜுடிஸ்' என்றிருந்தது.
"என்னவாம்?" என்று என்னைப் பார்த்தார்.
சமாதானத்துக்குச் சொன்ன சொல்லைச்
சண்டைக்கு எடுக்க மாட்டினம், அவ்வளவுதான் என்றேன்.
கொஞ்சம் யோசித்தார்.
"அப்பிடியெண்டா எங்கட வீட்டிலயும்
அதை எழுதிப்போட்டுக் கதைக்கலாம்."
ஓவன் ஏன் சிரிக்கிறோம் என்று கேட்டார்.
அதை மொழிபெயர்க்கவில்லை.

மிச்சம் இருந்த இருவரில் ஒருவர்
அடுத்த கிழமை வாறன் என்று போய்விட்டார்.
தயாளினியால் முடியாது.
கிரொய்டன் கோர்ட், நாளை காலை பத்து.
பேக்கரியில் இரவு வேலை, முழங்கையில் மாவு.
கூரை ஒழுகியது, இரண்டு மாதம் வாடகை கொடுக்கவில்லை.
மருந்துக்கடையில் எடுத்த ஒன்பது படங்கள், உறையில்.

பட்டியலில் பத்தொன்பது எண்கள்.
முதலாவது, குரல்பதிவு.
இரண்டாவதில் ஒரு குழந்தை மட்டும் அழுதது.
ஆறாவது ஃப்ரேயா.
நாலு வருஷமாகப் பெயராக மட்டும் இருப்பவர்.
"வாட்டர்லூவில் ஏறிவிட்டேன். நின்றுகொண்டிருக்கிறேன்.
கிங்ஸ்டன் வரை நேரமிருக்கிறது. கொடுங்கள் அவரிடம்."

என் போனைக் கொடுத்தேன்.
நகல் இயந்திரத்தின் மேல் சாய்ந்து நின்றாள்.
வாக்ஸ்ஹாலில் துண்டிப்பு.
மறுபடி. விம்பிள்டனில் துண்டிப்பு.
ஒவ்வொரு முறையும் அந்தப் பக்கமிருந்துதான் அழைப்பு வந்தது.

பத்துக்கு இல்லை, ஒன்பதேகாலுக்குப் போங்கள்.
உள்ளே நுழைந்ததும் கேளுங்கள்,
இன்றைக்கு உதவிக்கு வந்த வக்கீல் யாரென்று.
படத்துக்கு மூன்று பிரதி. தேதியைப் பின்னால் எழுதுங்கள்.
அழுகை வந்தால் வரட்டும், ஆனால்
ஒழுகியது எந்தத் தேதி என்பதை முதலில் சொல்லுங்கள்.

இருபத்தேழு பிரதி, ஒன்றுக்குப் பத்துப் பென்ஸ்.
கப்பல்காரர் கோட்டுப் பையைக் கவிழ்த்தார்.
சில்லறை, ஒரு நார்வே நாணயம், மூக்குத் துடைக்கும் காகிதம்.
இயந்திரம் நார்வேயைத் துப்பியது.

ஏழரைக்கு மேசைகளை மடித்தேன்.
தயாளினி பஸ்ஸுக்கு ஓடிவிட்டாள், பேக்கரிக்கு நேரமாகிவிட்டது.
அடுத்த செவ்வாய் வரவில்லை. அதற்கடுத்ததும்.
வென்றவர்களும் வருவதில்லை, தோற்றவர்களும் வருவதில்லை,
ஆகவே எனக்கு ஒன்றும் தெரியாது.

இயந்திரத்தின் மூடியைத் தூக்கியபோது
கண்ணாடியில் ஒரு படம், ஒன்பதில் ஒன்று.
வெள்ளைக் கூரையில் பழுப்பு ஈரம்.
பின்னால் அவள் எழுத்தில் தேதி,
இரண்டு முறை அழுத்தி எழுதியது.
பட்டியலுக்குள் வைத்திருக்கிறேன்.
அவள் பெயருக்கு நேரே இன்னும் கோடு போடவில்லை.