வெள்ள முன்பணம்

முதல் ஆதாரம் ஒரு கார்பன் நகல்.
சித்தப்பா வேதகிரி, மேல்நிலை எழுத்தர்,
வெள்ள முன்பணம் கேட்டு எழுதியது.
ஐந்நூறு ரூபாய், பத்துத் தவணை.
காரணம் என்ற கட்டத்தில்
யமுனை என்று மட்டும் இருக்கிறது.

சரோஜினி நகருக்கு யமுனை வந்ததே இல்லை.
எழுபத்தெட்டு செப்டம்பரில் அவர்தான் போனார்,
நிவாரண வேலைக்கு, மாடல் டவுனுக்கு.
யார் வீட்டு மொட்டைமாடியிலோ இரண்டு இரவு,
ஒரு தையல் மிஷினோடும்
பெயர் கேட்டுக்கொள்ளாத ஐந்து பேரோடும்.
திரும்பி வந்து, சட்டையைக்கூட மாற்றாமல்,
மாம்பலகை அடி என்ன விலை என்றாராம்.

சித்தி இதற்கு மேல் சொல்வது ஒன்றுதான்:
அது ஸ்கூட்டருக்கு வைத்திருந்த காசு.
சொல்லிவிட்டு
குக்கர் சத்தத்தை எண்ணப் போய்விடுவாள்.

இரண்டாவது, புகைப்படம்.
குவார்ட்டர்ஸுக்குப் பின்னால், துணிக்கொடிக்குக் கீழே
விலா எலும்பு மட்டும் முளைத்த படகு.
உள்ளே நிற்கிற நான்கு பிள்ளைகளில்
பல் விழுந்தவள் நான்.
எனக்கு அது ஞாபகமில்லை.
தார் வாசனை ஞாபகமிருக்கிறது,
அதுவும் ரிங் ரோடு போட்டபோது வந்ததாக இருக்கலாம்.

மூன்றாவது, டெம்போக்காரன் ரசீது, இந்தியில்:
யமுனா பஜார் வரை. நாவ் ஒன்று.
பிறகு அவருக்கு நாக்பூர் மாற்றல்.
பிறகு காகிதமே இல்லை.

மதராசி பாபுவின் படகா?
அது மதுராவுக்குப் போயாச்சு என்றார் ஒருவர்.
ஒரு ஜனவரியில் எரித்துக் குளிர்காய்ந்தோம் என்றார் இன்னொருவர்,
இனிமையாக, டீயும் வாங்கிக் கொடுத்து.

இந்த ஜனவரியில்
பனிக்குள் கடற்காக்கைகள் கத்துகின்ற துறையில்
காராசேவ் பாக்கெட் விற்றுக்கொண்டே ஹர்பூல் கேட்டார்:
சீனாக்காரன் படகைத் தேடுவது நீங்கள்தானா?
சீனம் என்று அவர்கள் நினைத்திருந்தது
பலகையின் உள்பக்கம் உளியால் வெட்டிய ஒரு ௭.
தில்லியில் பிறந்த எனக்கும்
அது ஏழு என்று போனில் பார்த்துத்தான் தெரிந்தது.

இறக்கிய அன்றே உட்கார்ந்துவிட்டதாம்.
இடுப்பளவு தண்ணீரில், பேன்ட்டோடு,
தப்பான கோப்பைப் பார்ப்பதுபோல்
நின்று பார்த்துக்கொண்டிருந்தாராம் சித்தப்பா.
ஹர்பூலின் அப்பா தொண்ணூறு ரூபாய் கொடுத்தார்.
வேண்டாம் என்றவர், பஸ்ஸுக்கு மட்டும்
இரண்டு ரூபாய் எடுத்துக்கொண்டாராம்.

அதன்பின் அடிக்கட்டை மாறியது.
வலப்பக்கம் மாறியது. மூக்கு இரண்டு தடவை.
ஆணி எல்லாம் போன வருடத்து ஆணி.
ஏழாம் பலகை அப்படியே இருக்கிறது,
ஏனென்று கேட்டால் தோளைக் குலுக்குகிறார்.
அதற்கடுத்து ஒரு கசிவு,
அப்பா அடைத்தார், நான் அடைத்தேன்,
பஞ்சு, தார், எம்-சீல்.
இந்த ஓட்டை மட்டும்
உங்கள் சித்தப்பா செய்தபடியே இருக்கிறது.

இருபத்துமூன்றில் ஆறு ஊருக்குள் வந்தபோது
கூரைகளிலிருந்து ஆட்களை இறக்கியது இதுவாம்.
எத்தனை பேர் என்றேன்.
யார் எண்ணினார்கள்?
ஏறிய ஒவ்வொருவர் கையிலும்
ஒரு டப்பாவைக் கொடுத்து இறைக்கச் சொன்னோம்.

எனக்கும் கொடுத்தார். பெயின்ட் டப்பா.
நுரை மிதக்கும் கறுப்புத் தண்ணீர்,
வெளியே உள்ளதே உள்ளேயும்.
ஊற்ற ஊற்றப் பறவைகள் இரை என்று நினைத்து
இறங்கி, ஏமாந்து, திட்டிவிட்டுப் போயின.

முன்பணத்தின் கடைசித் தவணையை
எழுபத்தொன்பது ஆகஸ்டில் பிடித்திருக்கிறார்கள்.
அலுவலகத்துக்கு அவர் பாக்கி ஏதுமில்லை.

நடு ஆற்றிலிருந்து சித்திக்குப் போன் செய்தேன்.
இன்னும் ஓடுது சித்தி.
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம்
குக்கர் மட்டும் பேசியது.

ஒழுகுதா, என்றாள்.