இரண்டாவது கோப்பை

சட்பரியில் மைனஸ் இருபத்தெட்டு.
சாவிப்பெட்டி உறைந்துவிடும் என்று
அதற்கொரு பழைய காலுறை மாட்டியிருக்கிறேன்.
படியில் உப்பு. கார் இன்ஜினுக்குச் சூடேற்ற
பனிக்கு மேலே கண்ணில் படும்படி ஆரஞ்சு வயர்.

போன மாதம் வந்தவர் நான்கு நட்சத்திரம்தான் போட்டார்:
‘எல்லாம் நன்று. கடிகாரம் மட்டும் பேசிக்கொண்டே இருக்கிறது.’
அன்றே பேட்டரியைக் கழற்றி இழுப்பறைக்குள் போட்டேன்.
அந்த அறையில் அதன் பிறகு எப்போதும் நாலே முக்கால்.

கப்புஸ்கேசிங்கிலிருந்து டெனீஸ், ஐந்து இரவுக்கு.
பதிவில் இரண்டு பேர்.
காரிலிருந்து இறங்கியது ஒருத்தி.
‘அவர் ஆஸ்பத்திரியில்’ என்றாள்,
வானிலை சொல்வதுபோல.

கட்டிலின் இரு பக்கமும் சார்ஜர்,
இரண்டு துண்டு,
கெட்டிலருகே இரண்டு கோப்பை.
மூன்றாம் நாள் துண்டு மாற்றப் போனேன்.
படுக்கையின் இடப்பக்கம் மட்டும் கசங்கியிருந்தது.

ஒரு கோப்பையை எடுத்துவிடலாமா?
எடுத்தாலும் உறுத்தும். விட்டாலும் உறுத்தும்.
சுகுணவதி போனில் சொன்னாள்:
‘பேசாமல் வா. அனுதாபத்துக்கு ஸ்டார் கிடையாது.’

கையில் எடுத்தேன்.
கைப்பிடியை ஜன்னல் பக்கம் திருப்பி
இருந்த இடத்திலேயே வைத்தேன்.
பக்கத்தில் ஒரு ஃபிளாஸ்க் மிளகு ரசம்,
‘காரம், கவனம்’ என்று ஒரு சீட்டு.

ஞாயிறு காலை போய்விட்டாள்.
வயரைச் சுருட்டி வைத்திருந்தாள், என்னைவிட நேர்த்தியாக.
ஃபிளாஸ்க் காலி.
கோப்பை இரண்டையும் கழுவிக் கவிழ்த்திருந்தாள்.
படுக்கையைப் பார்க்கத் திரும்பினேன்;
சுவரில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

நேரம் சரியாகத்தான் இருந்தது.