ரிட்டர்ன் சரக்கு

லாரன்ஸ் ரோட்டில்
இருதயராஜ் கடையில் நல்ல கூட்டம்.
பாக்கி வசூலுக்குப் போன கம்பெனி ஆள் நான்.

நாற்பது ஆல்பம் அனுப்பியிருந்தோம்.
முப்பத்தெட்டு அப்படியே இருந்தது,
மேலுறை கிழியாமல்.
பெட்டிமேல் அவர் டிபன் கேரியர்.

"அப்புறம் எதுக்கு இத்தனை பேர்?"

சுண்டுவிரல் நகமளவு மெமரி கார்டைக்
கணினியில் செருகினார்.
முப்பது ரூபாய், நானூறு பாட்டு.
துறைமுகத்துப் பையன் ஒருவன் எட்டிப் பார்த்தான்:
"இந்தப் படத்துல ரெண்டு போதும்ணே,
மத்தது இடத்தை அடைக்கும்."

மத்ததுக்கும் சேர்த்துத்தான்
எட்டு நாள் ஸ்டுடியோ வாடகை.
அவனிடம் எதற்குச் சொல்ல.

பாக்கியைக் கேட்டேன்.
என் போனை வாங்கி
நிரப்பிக் கொடுத்தார்.
"உங்ககிட்ட காசு வேணாம் சார்."

திரும்பும் பஸ்ஸில்
பெட்டிக்குத் தனி டிக்கெட் என்றார் கண்டக்டர்.
காதில் இருந்ததைக் கழற்றி
"என்ன?" என்றேன்.