உள்பக்கம் வெளியே

டோர்னியோவில் கடை எனக்கு.
இந்தக் கரை பின்லாந்து,
அந்தக் கரை ஹாப்பரண்டா, ஸ்வீடன்.
இடையில் உறைந்த ஆறு, அதன்மேல் பாலம்.
பாலத்தைத் தாண்டினால்
கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும்.

பிப்ரவரி பிறந்தால் ஐஸ் ஹாக்கிதான் வியாபாரம்.
குல்லாய், கழுத்துச் சால்வை, கையுறை.
நீலத்தோடு வெள்ளை சேர்த்தால் எங்களுடையது,
மஞ்சள் சேர்த்தால் அவர்களுடையது.
நீல நூல் இரண்டுக்கும் ஒரே பெட்டி.
இதை நான் யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை.

இறுதி ஆட்டத்துக்கு முந்தின நாள்
தெருமுனை வரை வரிசை.
பல் மருத்துவர் ஐராகூட வந்திருந்தார்,
பத்து வருஷமாய்ச் சாம்பல் நிறம் தவிர உடுத்தாதவர்,
உச்சியில் நூல்பந்து ஆடும் குல்லாய்தான் வேண்டுமென்று.
யோர்மா நாய்க்கும் ஒன்று வாங்கினார்.
காதுக்கு ஓட்டை நானே வெட்டிக்கொடுத்தேன்.

சிக்ஸ்தன் க்விஸ்ட், அக்கரைக்காரர்,
இக்கரை எஃகு ஆலையில் வெல்டர்.
மஞ்சள் குல்லாயைக் கடையிலேயே மாட்டிக்கொண்டு
வரிசையின் நீளம் முழுக்க மெதுவாக நடந்தார்.
யாரோ ஊளையிட்டார்கள்.
நின்று, குனிந்து, வணங்கிவிட்டுப் போனார்.

தலைக்கனம் என்ன எடை என்று கேட்டால்
எனக்குத் தெரியும்:
தொண்ணூறு கிராம், நூல்பந்தோடு.

கூடுதல் நேரத்தில் எங்கள் கோல்.
இங்கே பத்து மணி ஏழு நிமிடம்.
"அவர்கள் தோற்க இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது"
என்று கத்தினான் மதுக்கடையில் ஒருவன்.
ஊரே பாலத்துக்கு ஓடியது.
கையுறையோடு கைதட்டினால் சத்தம் வராது;
நூறு பேர் தட்டியும்
மாவு மூட்டை உருள்வதுபோல் ஓர் ஓசை.

மைனஸ் இருபத்தேழு.
பாலத்தின் நடுவில் சிக்ஸ்தன், வெறுந்தலையோடு.
"எங்கே?" என்றேன்.
கைப்பிடிக்குக் கீழே காட்டினார்.
ஆற்றுப் பனியில் ஒரு மஞ்சள் பொட்டு.
காது நுனி வெளுக்கத் தொடங்கியிருந்தது.

என் குல்லாயைக் கழற்றி நீட்டினேன்.
வெள்ளையும் நீலமும் பார்த்தார்.
"செத்தாலும் மாட்டேன்."
"அதற்கு ரொம்ப நேரம் ஆகாது."

வாங்கினார். விரல்விட்டு உள்ளே வெளியே திருப்பினார்.
நூல் தாவித் தாவிப் போன கோடுகள்,
அவசரத்தில் நான் நறுக்காமல் விட்ட முனைகள்,
முடிச்சுகள்.
எந்த நாட்டுடையது என்று
பின்னிய எனக்கே தெரியாது.
காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு
தன் கரைக்கு நடந்தார்,
இன்னும் கோல் விழாத நேரத்துக்குள்.

நான் சால்வையைத் தலையில் சுற்றிக்கொண்டு
எல்லோரோடும் கத்தினேன்.
ஜெயித்தது நாங்கள் அல்லவா.

மஞ்சள் குல்லாய் மே மாதம் பனி உடையும்வரை
ஆற்றின் மேலேயே கிடந்தது.
போய் எடுக்கலாம், யாரும் எடுக்கவில்லை.
ஆலை வாசலில் சிக்ஸ்தனைப் பார்ப்பேன்,
ஏப்ரலிலும் அதே குல்லாய், அதே உள்பக்கம்.
ஒருநாள் கடைக்கு வந்து காசு வைத்தார், குரோனாவில்.
என்னிடம் அன்று சில்லறை இல்லை.
மீதி இன்னும் பாக்கி.