உரிந்ததன் பின்பக்கம்

மூன்றாம் தடவையாக வந்து நின்றது
புஷ்பகாந்தி மிஸ்ஸின் வெள்ளை ஆல்டோ.
வெள்ளை என்பது பம்பரைத் தவிர்த்து.
பம்பரில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பு,
ஓரமெல்லாம் சுருண்டு
அவித்த உருளைக்கிழங்கின் தோல் மாதிரி.

முதல் தடவை சொன்னேன்:
"ஹட்டன் சேர்விஸ் ஸ்டேஷன்ல
தண்ணிய அடிச்சே உரிச்சுட்டானுக மிஸ்."
இரண்டாம் தடவை
ரோட்டுக் கல்லின் மேல் போட்டேன்.
கொட்டகலையில் கல்லுக்கா பஞ்சம்.
இரண்டு தடவையும் உரிந்த இடத்தில் மட்டும்
தொட்டுத் தொட்டு அடித்துக் கொடுத்தேன்.
பழி போட இன்னும்
மழை பாக்கியிருந்தது, பனி பாக்கியிருந்தது.

இந்தத் தடவை அவர் ஒன்றும் கேட்கவில்லை.
கைப்பையிலிருந்து ஒரு பிள்ளையின்
விஞ்ஞானக் கொப்பியை எடுத்தார்.
நடுப்பக்கத்தில் ஒரு சில்லு.
"ஸ்கூல் கேட்டுக்கிட்ட விழுந்திச்சு" என்றார்.

வாங்கித் திருப்பினேன்.
முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் மினுங்கியது.
பெயின்ட் அடிக்கிற எவனுக்கும் அது போதும்.
பிடித்திருந்தால் அப்படி மினுங்காது.
நாலு மாதம் அது
சும்மா மேலே உட்கார்ந்திருந்திருக்கிறது,
டிக்கட் எடுக்காதவன் ரயிலில் இருப்பது போல
ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் எழும்பத் தயாராக.

அந்தச் சனிக்கிழமை ஞாபகமிருக்கிறது.
ஆடி மழை.
தகரத்தில் விழுந்த சத்தத்தில்
கம்ப்ரசர் ஓடுகிறதா நின்றுவிட்டதா தெரியவில்லை.
புது பம்பர், அச்சு மெழுகு இன்னும் வழுக்கியது.
சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும்.
அறுநூறாம் நம்பர் தாளால்
அந்த மினுக்கத்தைக் கொல்ல வேண்டும்.
பிறகு பிளாஸ்டிக் பிரைமர்.
டின்னைக் குலுக்கினேன்,
உள்ளே கோலி மட்டும் உருண்டது.
ரத்னசிறி முதலாளி கடையைப் பூட்டியிருந்தார்.
மிஸ்ஸுக்குத் திங்கட்கிழமை
நுவரெலியாவில் விடைத்தாள் திருத்த வேண்டும்.
ஈரத் துணியால் ஒரு துடை.
பல்பு இரண்டைப் பக்கத்தில் தொங்கவிட்டு
அடித்து முடித்தேன்.
விடியும்போது முகம் தெரிந்தது அதில்.

தோட்டத்துக் கணக்கில் சொன்னால்
அரைப்பேர் வேலை.
பில்லில் முழுப்பேர் போட்டேன்.
பிரைமர் என்று எழுதி
அதற்கும் ஆயிரத்து எண்ணூறு.

"பிரைமர் அடிக்கல மிஸ்."
அவ்வளவுதான் வாயில் வந்தது.
அவர் சில்லை வாங்கித்
திரும்பக் கொப்பிக்குள் வைத்தார்.
"பிள்ளைகளுக்குக் காட்டலாம்."
எதற்கென்று சொல்லவில்லை.

பம்பரைக் கழற்றியதும் ஆல்டோ
பல்செட்டைக் கழற்றிய ஆள் மாதிரி ஆனது.
அப்படியே ஓட்டிக்கொண்டு போனார்.

சர்வேஸ் பிளேடோடு வந்தான்.
தேவைப்படவில்லை.
ஒரு மூலையை நகத்தால் கிளப்பி இழுத்தேன்.
வந்தது,
லைட் ஓட்டையோடு,
நம்பர் தகடு இருந்த இடத்தோடு,
நான் தொட்டு அடித்த இரண்டு திட்டுகளோடு.
பெயின்டால் மட்டுமே ஆன ஒரு பம்பரை
இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நின்றேன்.
காற்று வந்து அதை ஆட்டியது.
சர்வேஸ் சிரித்தான்.
நானும் தொடங்கினேன், பாதியில் நின்றுவிட்டது.

சவர்க்காரம். தண்ணீர். தாள்.
திரும்பத் தண்ணீர், திரும்பத் தாள்.
இரவில் போன் என் கைரேகையை
எனதென்று ஏற்கவில்லை.
பிரைமருக்கு என் காசு.

நாலு நாளாகப் பனி
கராஜுக்குள்ளேயே வந்து குந்தியிருக்கிறது.
நேற்று மிஸ் எடுத்தார். "முடிஞ்சிச்சா?"
விரலின் முதுகால் தொட்டுப் பார்த்தேன்.
"காயல மிஸ்."
டின்னையே திறக்காத நாட்களில்
எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன் இதை.
"நெசமாவா?"
"நெசமா."

வைத்த பிறகு
பல்பை ஒரு சாண் கீழே இறக்கினேன்.
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத்
திரும்ப மேலே ஏற்றினேன்.