மூன்றாம் முறை

வல்பரைசோ மலைச்சரிவில்
தகரம் போர்த்திய வீடு.
மூன்றாம் முறையாகப் பார்க்கிறோம்.

பொறியாளர் ஒயார்சூன்
உத்தரத்தில் திருப்புளியை அழுத்தினார்.
கனிந்த வெண்ணெய்ப்பழத்தில் இறங்குவதுபோல்
கைப்பிடி வரை போனது.
"கரையான்" என்றார்,
வீட்டுக்காரரை அறிமுகம் செய்கிற தோரணையில்.

நிபால்தோ தரையில் ஒரு கோலிக்குண்டை வைத்தான்.
யோசிக்கவே இல்லை அது.
துறைமுகம் பார்த்த சன்னலுக்கு ஓடிப்போனது.

மின்கம்பி, கழிவுக்குழாய், கூரை.
பழைய உறையின் முதுகில் கூட்டினேன்.
வீட்டு விலையைத் தாண்டியது பழுதுச் செலவு.
சமையலறையை விட்டுவிட்டு
மறுபடி கூட்டினேன்.
அப்போதும் தாண்டியது.

"வேண்டாம்" என்றேன் பேருந்தில்.
"வேண்டாம்தான்" என்றான்.
இறங்கவேண்டிய நிறுத்தத்தைத்
தவறவிட்டோம் இருவருமே.

அன்றிரவு மழை.
ஒன்பது மாடிக் கட்டடத்தில்
இரண்டாவது மாடி, எங்கள் வாடகை வீடு.
இருட்டில் எழுந்து உட்கார்ந்தான்.
"எலியானா, மேலறையில்
வாளி வைக்காம வந்துட்டோமே."

எங்கள் தலைக்குமேல்
ஏழு குடும்பங்கள் தூங்குகின்றன.
நான் விளக்கைப் போடவில்லை.

"ரெண்டு வாளி வேணும்" என்றேன்.
"சன்னலோரமும் ஒழுகும்."