கணக்கு முடிக்கிறேன்

ஐயா,
பேனருக்கென்று நீங்கள் தந்ததில்
ஆறு கோழி வாங்கிவிட்டோம்.

சிருண்டு பாலத்தருகே லாரிகள்
மூன்று நாள், சிலசமயம் ஐந்து நாள் நிற்கும்.
பேனர் கட்ட இடமுண்டு. படிக்கவும் செய்வார்கள்.
ஆனால் சோல்வே
வெறும் வயிற்றில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு
வேலியோரம் குனிந்து நின்றதைப் பார்த்தபின்
துணியில் எழுத்து அச்சடிக்க
யாருக்கும் மனம் வரவில்லை.

முட்டைக்கு ரசீது இல்லை.
கூட்டில் கைவிட்டு எடுத்ததும்
சூடு ஆறுமுன் நோட்டில் குறித்தேன், அவ்வளவுதான்.
ஒரு கோழியை நாய் கொண்டுபோயிற்று.
அதுவும் நான்காம் பக்கத்தில் இருக்கிறது.

"பயனடைந்தோர் எத்தனை பேர்?"
பதினொன்று என்று எழுதினேன்.
பிறகு அடித்துப் பன்னிரண்டாக்கினேன்.
ஓர் ஓட்டுநர். பெயர் சொல்லவில்லை.
முட்டை விலை கேட்பவர்போல வந்து
இருட்டும்வரை பேசாமல் நின்று
பரிசோதனை எங்கே என்றார்.
முட்டை வாங்கவில்லை.

மீதி பதினான்கு குவாச்சா.
திருப்பிக் கட்டச் சொல்கிறது விதி.
உங்கள் வங்கி இருக்கும் ஊருக்குப்
பஸ் கட்டணம் அறுபது.
தவிட்டுக்குப் போட்டுவிடவா?

இப்படிக்கு,
முதிந்தா ஹமூங்கா,
பொருளாளர்